கருணையாகக் கொடுத்த பென்ஷன்

பிரிட்டிஷ் இந்தியாவில் கச்சேரிக் குமாஸ்தாவின் பென்ஷனைத் தீர்மானித்தது சிவில் சர்வீஸ் ரெகுலேஷன்ஸ் என்ற விதித்தொகுப்பு. பணி அரசின் கீழ் இருக்க வேண்டும், நிரந்தரப் பணியிடமாக இருக்க வேண்டும், சம்பளத்தை அரசு கொடுத்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த ஆண்டுகள் கணக்கில் ஏறா. 10 ஆண்டு நிறையாதவருக்குப் பணிக்கொடை மட்டும். 25 ஆண்டு முடித்தவருக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, சராசரிச் சம்பளத்தில் பாதி. இதுவரை வெறும் கணக்கு. ஆனால் பணி முழு மனநிறைவு தந்ததாக மேலதிகாரிகள் ஏற்றால்தான் முழுத் தொகையும் கிடைக்கும். ஓய்வுக்குப் பிறகும் நன்னடத்தை தவறினால் அதை நிறுத்தலாம். சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாமென்றால், 1871ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம் அந்தக் கதவையும் மூடியிருந்தது. உழைத்துச் சேர்த்த உரிமையைக் கருணையாக மாற்றி, ஊழியரைச் சாகும்வரை பணிய வைத்த ஏற்பாடு இது என்பதே என் கருத்து.

அதே அரசு ஐ.சி.எஸ். அதிகாரியிடம் வேறு முகம் காட்டியது. விடுப்பு நீங்கலாக 21 ஆண்டு உட்பட 25 ஆண்டு பணி முடித்தால் வருடத்துக்கு 1,000 பவுன். கலெக்டராக ஓய்வு பெற்றாலும் தலைமைச் செயலராக ஓய்வு பெற்றாலும் அதே தொகை. அவர்கள் சம்பளத்தில் 4 சதவீதம் செலுத்தினார்களே, அதனால்தானே உரிமை என்று கேட்கலாம். அந்தப் பிடித்தம் 1919இல் நின்றது, பென்ஷன் நிற்கவில்லை. லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த இந்திய மந்திரி (செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்) நியமித்தவர்களின் பென்ஷனுக்கு 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் தனிப் பாதுகாப்பே தந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது: இங்கிலாந்திலேயே 1834ஆம் ஆண்டின் சட்டம் அரசு ஊழியருக்கு ஓய்வூதியத்தை முழு உரிமையாகத் தரவில்லை. உண்மைதான். ஆனால் அங்கே ஒரு ஊழியரின் குறையை நாடாளுமன்றத்தில் எழுப்ப முடியும். 1871இல் இங்கே சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஊழலைத் தடுக்க இந்த அதிகாரம் தேவைப்பட்டது என்ற வாதமும் நிற்காது. ஊழல் செய்தவரைப் பணிநீக்கம் செய்தாலே பென்ஷன் போய்விடும். ஓய்வு பெற்றவரின் நடத்தைமேல் கண் வைத்தது வேறு காரணத்துக்காக. அவர் வாய் திறந்து அரசைக் குறை சொல்லாதிருக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

பென்ஷன் பிச்சையல்ல, சொத்துரிமை என்று உச்சநீதிமன்றம் சொல்ல 1971 வரை, தேவகிநந்தன் பிரசாத் வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் அதை மேலும் உறுதிசெய்தது. ஆயினும் எதிர்கால நன்னடத்தை என்ற நிபந்தனை மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் இன்றும் இருக்கிறது. அதை நீக்க வேண்டும்.