எழுதாமலே வகை அறிதல்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு நிரல் எழுதப் போகிற உங்களுக்காக இன்று கொஞ்சம் வரலாறு.

நம் சிப்காட் ஃபிட்டர் நட்டைப் பார்த்தே போல்ட் அளவைச் சொல்லிவிடுவார். அதுபோல, ஒரு மாறியின் வகையை நாம் எழுதாவிட்டாலும், அது பயன்படும் விதத்தை வைத்துக் கம்பைலர் ஊகிக்க முடியும். 1969இல் ரோஜர் ஹிண்ட்லி இதன் கணிதத்தை எழுதினார். 1978இல் ராபின் மில்னர் தனியாக அதே வழியைக் கண்டு, எம்.எல். மொழிக்குப் பயன்படுத்தினார்.

சி++ தந்த ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1984லேயே 'ஆட்டோ' என்ற சொல்லால் இதைச் செய்து பார்த்தார். பழைய சி மொழியோடு ஒத்துப்போகாததால் எடுத்துவிட்டார்.

1994இல் ஸ்டெபனோவ், மெங் லீ ஆகியோரின் எஸ்.டி.எல். சி++ தரத்துக்கு ஏற்கப்பட்டது. எல்லா வகைக்கும் பொருந்தும் அச்சு போன்ற பொதுநிரல் அது. ஆனால் உள்ளே இருப்பது எந்த வகை என்று சொல்ல, ஒவ்வொரு கொள்கலனும் 'வேல்யூ டைப்' என்று சீட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உறுப்பு மாறியின் வகையை நேரே கேட்கும் 'டெக்ல்டைப்', 'ஆட்டோ'வோடு சேர்ந்து 2011இல்தான் தரத்துக்குள் வந்தது. 'ஆட்டோ'வுக்கு 1984இலிருந்து 27 ஆண்டுக் காத்திருப்பு!

பிள்ளைகளே, எழுதாததால் வகை இல்லாமல் போவதில்லை; கம்பைலருக்கு அது தெரியும். உங்கள் நிரலை நாளை திருத்தப்போகிறவருக்குத் தெரியுமா? சந்தேகம் வரும் இடத்தில் வகையை எழுதிவிடுங்கள்.