பிரஸ்ஸல்ஸ் நகரத்துத் தீர்க்கதரிசி

தீர்க்கதரிசி என்றவுடன் ஜடாமுடியும் காவி உடையுமாக ஒரு மகான் நம் மனக்கண்முன் வந்து நிற்பார். நான் சொல்லப்போகிறவரோ மூக்குக் கண்ணாடியும் கோட்டும் அணிந்த பெல்ஜிய தேசத்து வக்கீல். பெயர் பால் ஓட்லே. 1868-ம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தவர்.

வக்கீல் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை, புத்தகங்களில்தான் ஒட்டியது. உலகத்தில் அச்சான நூல்கள் யாவற்றுக்கும் ஒரே ஜாபிதா தயாரிப்பதென்று, 1895-ம் ஆண்டில் நண்பர் ஹென்றி லா ஃபோந்தேனுடன் சேர்ந்து காரியத்தில் இறங்கினார். நூலுக்கு ஓர் அட்டை. அட்டைகளை அடுக்க வரிசை வரிசையாக இழுப்பறைகள். நாளடைவில் அட்டைகள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல் பெருகின. வெளியூர்க்காரர்கள் கடிதம் போட்டு விவரம் கேட்பார்கள். கட்டணம் பெற்றுக்கொண்டு பதில் அனுப்புவார்கள்.

இவ்வளவு பாடும் எதற்காக? அறிவு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால், ஒரு தேசத்தார் மற்றொரு தேசத்தாரை அறிந்துகொண்டால், யுத்தம் ஒழியும் என்று இருவரும் உளமார நம்பினார்கள். லா ஃபோந்தேனுக்கு 1913-ம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மறு வருஷமே மகாயுத்தம் மூண்டது. அந்த யுத்தத்துக்கு ஓட்லே தம் மகனைப் பறிகொடுத்தார். நம்பிக்கையை மட்டும் அவர் கைவிடவில்லை.

1934-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பெரிய நூலில் அவர் வருங்காலத்துப் படிப்பறையை வர்ணித்தார். மேஜைமீது புத்தகமே கிடையாது. ஒரு திரையும் ஒரு டெலிபோனும் இருக்கின்றன. நூல்களெல்லாம் எங்கோ தொலைவில் ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கின்றன. டெலிபோனில் கேட்டால், வேண்டிய பக்கம் திரையில் வந்து நிற்கும்! டெலிவிஷன் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. மின்னணுக் கம்ப்யூட்டர் பிறக்கவே இல்லை.

அதே வருஷம் சர்க்கார் அவருடைய நிலையத்தை இழுத்து மூடியது. 1940-ம் ஆண்டில் பெல்ஜியத்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர், தங்கள் கலைக் கண்காட்சிக்கு இடம் வேண்டுமென்று அவர் சேர்த்தவற்றை அப்புறப்படுத்தினார்கள். பலவற்றை அழித்தும் விட்டார்கள். 1944-ம் ஆண்டில் ஓட்லே காலமானார். உலகம் அவரை மறந்தது. 1968-ம் ஆண்டில் பாய்ட் ரேவர்ட் என்ற அறிஞர் தேடிச் சென்றபோது, எஞ்சிய காகிதங்கள் தூசி படிந்து குவிந்து கிடந்தன. 1998-ம் ஆண்டில்தான் மோன்ஸ் நகரில் அவற்றுக்கு ஒரு காட்சிசாலை ஏற்பட்டது.

இன்று அந்தத் திரையும் டெலிபோனும் ஒன்றாகி நம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கேட்ட பக்கம் நொடியில் வருகிறது. யுத்தச் செய்தியும் அதே திரையில்தான் வருகிறது. "யந்திரத்தை அறிந்த மனிதர் மனித சுபாவத்தை அறியவில்லையே!" என்று யாராவது சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனைப் பலி கொடுத்த பின்பும், எதிரி நாட்டு நூல், நம் நாட்டு நூல் என்று பாராமல் அட்டை எழுதி வைத்தவர் அவர். அவர் கண்ட திரை நமக்குக் கிடைத்துவிட்டது. அதை அவர் எதற்காக வேண்டினார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம் அல்லவா?