தரகர் போனால் நியாயம் வந்துவிடுமா?

காபிப் பொட்டலங்களில் இப்போதெல்லாம் 'நேரடி வணிகம்' என்று அச்சிடுகிறார்கள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பொட்டலங்களிலும் பார்க்கிறேன். தோட்டத்தின் பெயர், மலையின் உயரம், சில சமயம் விவசாயியின் சிரித்த முகம். இடையில் தரகர் இல்லை, ஆகவே விளைவித்தவனுக்கு நல்ல விலை என்பது அதன் பொருள். பள்ளியில் எங்களுக்கு மோந்தெஸ்கியேவைப் படிக்கக் கொடுத்தார்கள். வணிகம் மனிதர்களை மென்மையாக்கும் என்றவர் அவர். காபியின் வரலாறு அவ்வளவு எளிதாக அதற்குத் தலையாட்டவில்லை.

ஜாவாத் தீவைப் பாருங்கள். 1830 முதல் டச்சு அரசு அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தது. கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் காபி, கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர் வைக்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. நடப்பில் அதற்கு மேலும் பிடுங்கினார்கள். விலையை வைத்தது அரசு. சரக்கு அரசுக் கிடங்குக்குப் போய், கப்பலேறி, ஹாலந்தில் ஏலத்துக்கு வந்தது. ஒரு வகையில் இதுவும் நேரடிக் கொள்முதல்தான். ஆனால் 'இந்த விலைக்குத் தரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை குடியானவனுக்கு இல்லை. விளைச்சலுக்கு ஏற்ப அதிகாரிகளுக்கும் உள்ளூர்த் தலைவர்களுக்கும் பங்குத்தொகை உண்டு. அதனால் கெடுபிடி கூடிக்கொண்டே போனது.

அங்கே லெபாக் என்ற மாவட்டத்தில் வேலை பார்த்த எதுவார்ட் டௌவெஸ் டெக்கர் என்ற அதிகாரி, உள்ளூர்த் தலைவரின் கொடுமைகளை மேலிடத்துக்கு எழுதினார். எடுபடவில்லை. 1856-ல் வேலையை விட்டார். மேலிடத்துக்கு எழுதிய குறிப்பு கிடப்பில் போவது எப்படியென்று என்னைப் போன்ற எழுத்தர்களுக்குத் தெரியும். அவர் விடவில்லை. 1860-ல் 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற நாவலாக எழுதிவிட்டார். புனைபெயர் முல்தாதுலி. லத்தீனில் 'நிறையத் தாங்கினேன்' என்று பொருள்.

1988-ல் ஹாலந்தில் நியாய வணிகக் காபிக்கு முத்திரை வைத்தபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். தூண்டுதல் வந்தது மெக்சிகோவின் வஹாகா மலைப்பகுதியிலிருந்து. அங்கே தரகர்களைக் 'கொயோத்தே' என்பார்கள். அது ஓநாய் இனத்து விலங்கு. விவசாயிகள் கூட்டுறவு அமைத்தார்கள். அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃப், நீக்கோ ரோசன் என்பவருடன் சேர்ந்து இந்த முத்திரைக்கு வழி செய்தார். மறு ஆண்டே சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடுகள் நின்றுபோய், விலை சரிந்தது. 2001-ல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு காபி 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்போதும் நியாய வணிக விலை 126 சென்ட். ஆனால் விளைந்தது முழுவதற்கும் அந்த விலையில் ஆள் கிடைக்கவில்லை. கூட்டுறவில் இல்லாத சிறு விவசாயிக்கு அது கிடையாது.

இந்த இடத்தில்தான் நேரடி வணிகம் வந்தது. சிகாகோவின் இன்டெலிஜென்சியா, போர்ட்லேண்டின் ஸ்டம்ப்டவுன் போன்ற வறுப்பு நிறுவனங்கள் தாங்களே தோட்டங்களுக்குப் போய், சுவை பார்த்து, நல்ல கொட்டைக்குக் கூடுதல் விலை கொடுத்தன. நல்ல காரியம்தான்.

ஆனால் தரகர் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவர் அல்ல. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர். வட்டி கொள்ளைதான், ஆனாலும் கேட்ட நாளில் கொடுத்தார். மட்டமான மூட்டையையும் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு வாடிக்கையாளரோ சிறந்த பத்து மூட்டையை மட்டும் கேட்கிறார். மிச்சம் மறுபடி பழைய தரகரிடமே போகிறது. ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். ஒரு கப்பல் பெட்டிக்குப் பதினெட்டு டன் கொட்டை வேண்டும். ஒரு குடியானவனால் அது ஆகாது. தோல் நீக்க ஆலையும் ஏற்றுமதியாளரும் எப்படியும் வேண்டும்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். 1940-களிலிருந்து காபி வாரியம் எல்லாக் காபியையும் பொதுத் தொகுப்பில் வாங்கி விற்றது. பணம் தவணை தவணையாக வரும் என்று தோட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் எல்லா மூட்டைக்கும் ஆள் இருந்தது. 1996-ல் முழுச் சுதந்திரம் வந்தது. ஐந்தே ஆண்டில் உலக விலை விழுந்தபோது தாங்கிப்பிடிக்க அந்தத் தொகுப்பு இல்லை.

வாழ்நாள் முழுக்க ரசீதும் பேரேடும் பார்த்தவன் என்பதால் எனக்குத் தோன்றும் கேள்விகள் சில. பொட்டலத்தில் போட்ட விலை துறைமுகத்தில் கொடுத்ததா, விவசாயி கையில் சேர்ந்ததா? அறுவடைக்கு முன்பே பணம் கொடுத்தார்களா? பழம் பறித்த கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? மகசூல் கெட்ட வருஷத்திலும் வந்து வாங்கினார்களா? கணக்கைச் சரிபார்த்தது வெளியாளா, விற்பவரேயா? 2015-ல் மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களையும் பீட்ஸ் என்ற பெரிய காபி நிறுவனம் வாங்கிவிட்டது. கடையின் சொந்தக்காரர் மாறும்போது, மலையில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்கு யாரைக் கட்டும்?

ஜாவாவில் வணிகத் தரகர் இல்லாமலே அநியாயம் நடந்தது. வஹாகாவில் தரகராலே நடந்தது. இரண்டிலும் விலை சொல்லும் உரிமை விளைவித்தவனிடம் இல்லை. அந்த உரிமை அவன் கைக்கு எழுத்தில் வரும்வரை, பொட்டலத்துப் புகைப்படம் வெறும் புகைப்படம்தான்.