மின்சாரம் திரும்பிப் போகும் வழி

நெய்வேலியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பழுப்பு நிலக்கரியில் தொடங்குவது வழக்கம். தண்ணீரில் தொடங்குவதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆர்ட்டீசியன் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம். அதே தண்ணீர் பிறகு சுரங்கத்துக்கு முதல் எதிரியும் ஆயிற்று. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பரந்து கிடக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி நெருக்குகிறது. மேல்மண்ணை அப்படியே அள்ளிவிட்டால் பாரம் குறைந்து, நீர் படிவத்தைப் பிளந்துகொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. அந்த ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் மண் வெட்டும் வேலையோடு இன்னொரு வேலையும் விடாமல் நடந்தாக வேண்டியிருந்தது: ஆழ்குழாய்க் கிணறுகளில் பம்புகளை இரவும் பகலும் ஓட்டி, அந்த அழுத்தத்தை அடக்கிவைப்பது. ராட்சத இயந்திரம் மண்ணை அள்ளும் இடம் ஒன்று. ஆபத்து காத்திருக்கும் இடம் வேறு. இயந்திரத்தை ஓட்டுகிறவரின் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் அதைக் கவனிப்பது தனி வேலை, தனிப் பொறுப்பு என்று சுரங்கம் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டது.

இந்தப் பாடத்தை ஆபரேஷன் தியேட்டர்கள் நூறு ஆண்டுகளாகத் தவணை முறையில் கற்றுவருகின்றன. நெய்வேலி நகரியத்தின் பொது மருத்துவமனை ஆனாலும் சென்னையின் பெரிய மருத்துவமனை ஆனாலும், இன்று அறுவை நடக்கும் இடமெல்லாம் ஒரு மின்கருவி இருக்கிறது. மருத்துவர்களும் தியேட்டர் செவிலியர்களும் டயதெர்மி என்றோ காட்டரி என்றோ சொல்லும் அந்தக் கருவி, பேனா போன்ற ஒரு முனையின் வழியே மின்சாரத்தைச் செலுத்தித் தசையை அறுக்கிறது, கசியும் இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கிறது. முனையில் புகும் மின்சாரம் உடல் வழியே ஓடி, தொடையிலோ பிட்டத்திலோ ஒட்டியிருக்கும் ஒரு பிளேட் வழியாகக் கருவிக்கே திரும்ப வேண்டும். அறுவை மருத்துவரின் கண் முனையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் டயதெர்மியின் வரலாற்றைப் புரட்டினால் தெரிவது இது: பெரும் காயங்கள் முனைக்கு அப்பால், யாரும் பார்க்காத இடத்தில் நேர்ந்தவை. மின்சாரம் திரும்பிப் போகும் வழிக்குப் பொறுப்பான ஓர் ஆளை நியமிக்காத வரை, கருவி எவ்வளவு நவீனமானாலும் பாதுகாப்பு பாதிதான் என்பதே என் வாதம்.

1891-ல் பிரான்சின் டார்சன்வால், நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் திசைமாறும் மின்சாரம் தசையையும் நரம்பையும் துடிக்கவைப்பதில்லை என்று காட்டினார். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. தொட்டால் உயிரைப் பறிக்கும். லட்சக்கணக்கான சுற்றுகளில் ஓடும் மின்சாரமோ இதயத்தை உலுக்காமல் உடலைக் கடக்கும். குறுகிய இடத்தில் குவிந்தால் சுடும். 1909-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் டொயென் நோயாளியின் உடலுக்கு அடியில் ஒரு பிளேட்டை வைத்து, மின்சாரம் திரும்புவதற்கு ஒரு வழி செய்துகொடுத்தார். 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய கருவியைக் கொண்டு ஒரு தலைக் கட்டியை அகற்றினார். சில நாட்களுக்கு முன் அதே கட்டியைத் தொட்டபோது இரத்தப்போக்கு மிகுந்து அறுவையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். கைவைக்க முடியாதவை என்று விட்டுவைத்த கட்டிகளை அந்த நாளுக்குப் பிறகு அவர் மறுபடி தேடிப் போனார். ஆனால் குஷிங்கே இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறார்: ஓர் அறுவையின்போது மின்சாரம் அவர் பிடித்திருந்த உலோக ரிட்ராக்டர் வழியே கையில் ஏறி, நெற்றி விளக்கின் ஒயர் வழியாக வெளியேறியது. கருவி பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அது தன் வழியை விட்டு வேறு வழி தேடியிருக்கிறது. அதுவும் அந்தத் துறையின் தலைசிறந்த கைகளில்.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பரம்பரை நேராகவே வந்து சேர்ந்தது. குஷிங்கிடம் இளம் மருத்துவராகப் பணியாற்றியவர் வைல்டர் பென்ஃபீல்டு. மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்றவர் ஜேக்கப் சாண்டி. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர் அவர். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அந்தத் துறையைத் தொடங்கினார். மூளை அறுவைக்கு டயதெர்மி இன்றியமையாதது. மற்ற அறுவைகளில் அது பரவுவதற்கு ஒரு தடை இருந்தது: மயக்கத்துக்குக் கொடுத்த ஈதர். ஈதர் ஆவியில் ஒரு பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். 1956-ல் தீப்பிடிக்காத ஹாலோத்தேன் மருத்துவத்துக்கு வந்த பிறகுதான், தியேட்டரில் மின்பொறியை அச்சமின்றிப் பயன்படுத்தும் காலம் தொடங்கியது. நெய்வேலி நிறுவனம் பிறந்த ஆண்டும் அதுவே. இந்திய மின்சார விதிகள் வெளியான ஆண்டும் அதுவே. அந்த விதிகளில் சுரங்கங்களுக்குத் தனி அத்தியாயம் இருந்தது. மண்டை ஓடும் எலும்பும் வரைந்து, உள்ளூர் மொழியிலும் ‘அபாயம்’ என்று எழுதிய பலகை உயர் அழுத்தக் கருவிகளில் இருந்தாக வேண்டும் என்பதும் அவற்றில் சேர்த்தி. 1962 மே மாதம் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியபோது நெய்வேலியின் மின்சாரம் விதிகளுக்கு உட்பட்டே பிறந்தது. தியேட்டருக்குள் நுழைந்த மின்சாரத்துக்கோ அப்படி எழுதிவைத்த ஒழுங்கு அன்று இல்லை. மருத்துவரின் திறமைதான் அதற்கு வேலியாக இருந்தது.

அந்த வேலி எங்கே பொத்தலானது என்பதை பிளேட்டின் அருகில் நின்று பார்த்தால் விளங்கும். முனையின் பரப்பு ஒரு சில சதுர மில்லிமீட்டர்; பிளேட்டின் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டருக்கு மேல். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்சாரம்தான். முனையில் நெருங்கிக் குவிவதால் அங்கே சுடுகிறது. பிளேட்டில் பரவுவதால் இங்கே தோல் வெதுவெதுப்பாவதோடு சரி. பிளேட் பாதி உரிந்துவிட்டால் மீதிப் பரப்பில் மின்னோட்ட அடர்த்தி இரு மடங்காகும். வெப்பமோ நான்கு மடங்காகும். அடியில் முடி இருந்தால், தழும்போ எலும்புப் புடைப்போ இருந்தால், வியர்வையோ மருந்து நீரோ புகுந்தால், பரப்பு சுருங்கி அந்த மூலை வெந்துபோகும். பழைய தரையிணைப்புக் கருவிகளில் இன்னொரு கேடும் இருந்தது. மின்சாரத்துக்கு பிளேட் மட்டும் வழி இல்லை. பூமியைத் தொடும் எதுவும் வழிதான். நோயாளியின் கை மேசையின் உலோக விளிம்பில் பட்டிருந்தால் அங்கே. நெஞ்சில் ஒட்டிய ஈ.சி.ஜி. மின்முனையில் வழி கிடைத்தால் அதன் கீழே. சுரங்கத்தில் ஒருவருக்கு மின்சாரம் பட்டால் அவர் கையை உதறுவார், கத்துவார். மயக்கத்தில் இருப்பவர் எதுவும் செய்யமாட்டார். அறுவை முடிந்து பிளேட்டை எடுக்கும்போதுதான் காயம் தெரியும். அதையும் படுக்கைப் புண் என்று தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

கருவி செய்தவர்கள் இதற்குப் பதில் கண்டார்கள். 1960களின் இறுதியிலும் 70களிலும் தரையிலிருந்து பிரிக்கப்பட்ட மின்சுற்றுக் கருவிகள் வந்தன. அவற்றில் மின்சாரம் பூமியைத் தேடிப் போகாமல் கருவிக்கே திரும்பும். 1981-ல் இரண்டாகப் பிளந்த பிளேட் வந்தது. இரு பாதிகளுக்கும் இடையே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, தோலோடு ஒட்டு சரியாக இருக்கிறதா என்று கருவியே அளந்துகொண்டிருக்கும். ஒட்டு விட்டால் அலாரம் அடித்து நின்றுவிடும். உலகத் தரமாக ஐ.ஈ.சி. 60601-2-2 வந்தது. இந்தியாவில் 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் இத்தகைய கருவிகளையும் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. இவ்வளவுக்குப் பிறகும் தனியாக ஓர் ஆள் எதற்கு, கருவியே காத்துக்கொள்கிறதே என்ற கேள்வி நியாயமானது. அதை எழுப்புகிறவர்கள் மருத்துவமனைகளின் ஆள் பற்றாக்குறையை நன்கு அறிந்தவர்கள். ஆனால் கருவி காப்பது பிளேட்டை மட்டுமே. ஒரு வழியை அடைத்த ஒவ்வொரு முறையும் ஆபத்து வேறு வழிக்கு நகர்ந்திருக்கிறது என்பதே இந்த வரலாறு சொல்லும் பதில்.

லேப்ராஸ்கோப்பி அதற்குச் சாட்சி. 1990-ல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். கோயம்புத்தூரில் சி. பழனிவேலு போன்றவர்கள் அந்த முறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார்கள். இந்த அறுவையில் நீண்ட குச்சி போன்ற கருவிகள் வயிற்றுக்குள் போகின்றன. கேமரா காட்டுவது நுனியின் சில சென்டிமீட்டர்களை. மீதித் தண்டு காட்சிக்கு வெளியே குடலை உரசிக்கொண்டிருக்கலாம். திரும்பத் திரும்பக் கழுவிக் கிருமி நீக்கும்போது தண்டின் மேலுறையில் மயிரிழை விரிசல் விழும். இரத்தம் உறையவைக்கும் ‘கோயாக்’ நிலையில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். அந்த விரிசல் போதும், மின்சாரம் அங்கே வெளியேறிக் குடலைச் சுட்டுவிட. உறை முழுதாக இருந்தாலும், உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்த குழாய் வழியாகச் செருகினால், தொடாமலேயே மின்சாரம் கடத்தப்படலாம். நோயாளிக்குச் சில நாட்கள் கழித்துக் காய்ச்சலும் வயிற்று வலியும் வரும்போதுதான் விஷயம் வெளிப்படும். பிளேட் அலாரம் இவை எதையும் உணராது; பிளேட் கச்சிதமாக ஒட்டித்தான் இருக்கிறது. தீ விபத்தும் அப்படியே. ஈதர் போயிற்று; அதன் இடத்தில் தோலைச் சுத்தம் செய்யும் ஸ்பிரிட் கலந்த மருந்துகள் வந்தன. துணிக்கு அடியிலோ தொப்புள் குழியிலோ அது தேங்கி நிற்க, மூன்று நிமிடமாவது உலரவிடாமல் டயதெர்மியை அழுத்தினால் தீப்பிடிக்கும். முகத்தருகே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் அது இன்னும் எளிது.

நெய்வேலியின் அனுபவம் தியேட்டருக்குப் பயன்படுவது இங்கேதான். சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் ரிலே உண்டு, பிரேக்கர் உண்டு, எர்த்திங் உண்டு. அவை இருக்கின்றன என்பதற்காக யாரும் பெர்மிட் இல்லாமல் லைனில் கை வைப்பதில்லை. எந்த ஃபீடர், யார் அணைத்தது, எங்கே எர்த் போட்டது, யார் பெயரில் லைன் கிளியர், வேலை முடிந்து யார் திருப்பிக் கொடுத்தது எல்லாம் எழுத்தில் இருக்கும். வேலை செய்கிறவரும் வழியைக் காக்கிறவரும் வேறு வேறு ஆட்கள். இதற்கு எதிராகச் சிலர் 2020-ஐ நினைவூட்டலாம்: அந்த ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல் மின் நிலையக் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்களே, நெய்வேலியா நமக்கு முன்மாதிரி என்று. அந்த உயிர்களை மறந்து எழுதுவது அநியாயம். ஆனால் பெர்மிட் முறை தருவது, விபத்தே நடக்காது என்ற உறுதிமொழி அல்ல. நடந்தால் எந்தக் கண்ணி அறுந்தது என்று கேட்பதற்கு ஒரு எழுத்தும் ஒரு பெயரும் இருக்கும். தியேட்டரில் பிளேட் காயம் நேர்ந்தால், அதை ஒட்டியது யார், எங்கே, தோல் எப்படி இருந்தது என்று கேட்க ஒரு வரி இருக்கிறதா என்பதே கேள்வி. உலக சுகாதார நிறுவனம் பரப்பிய அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின் 19 வரிகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு இடமுண்டு. டயதெர்மி பிளேட்டுக்கு இல்லை. உள்ளூர்த் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பட்டியலே அனுமதிக்கிறது. சேர்ப்பது நம் கையில்.

சிறிய மருத்துவமனைகளுக்கு இது கட்டுப்படியாகுமா என்பது கடைசி ஆட்சேபம். கேட்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. பிளேட்டைச் சதைப்பற்றுள்ள, உலர்ந்த, அறுவை இடத்துக்கு அருகிலான தோலில் ஒட்டுவது. ஒருமுறை உபயோகிக்கும் பிளேட்டை உரித்து அடுத்தவருக்கு ஒட்டாமல் இருப்பது. கேபிளை உலோக கிளிப்பில் சுற்றாமல் விடுவது. பேனா பயன்பாட்டில் இல்லாதபோது நோயாளியின் மேல் போடாமல் அதன் உறையில் வைப்பது. வேலை நடக்கும் குறைந்த அளவில் பவரை வைப்பது. வழக்கமான அளவைவிடக் கூட்டச் சொன்னால், கூட்டுவதற்கு முன் பிளேட்டைப் போய்ப் பார்ப்பது. பேஸ்மேக்கர் உள்ளவரா என்று முன்பே கேட்பது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளின் உறையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது. இதற்கு வேண்டியது நேரம், அதுவும் சில நிமிடங்கள்; வேண்டிய இன்னொன்று, இது யாருடைய வேலை என்ற தெளிவு. அந்தத் தெளிவு இல்லாத இடத்தில், செவிலியர் டெக்னீசியன் பார்த்திருப்பார் என்றும், டெக்னீசியன் மயக்க மருத்துவர் பார்த்திருப்பார் என்றும் நினைப்பது மனித இயல்பு.

ஆகவே நெய்வேலியிலும் மற்ற ஊர்களிலும் மருத்துவமனை நிர்வாகங்கள் செய்ய வேண்டியது எளிது: ஒவ்வொரு அறுவைக்கும் மின்சாரத்தின் வழிக்குப் பொறுப்பாக ஒருவரின் பெயரை கேஸ் ஷீட்டில் எழுதுவது. பிளேட் ஒட்டிய இடம், ஒட்டும் முன் தோலின் நிலை, எடுத்த பின் தோலின் நிலை, ஸ்பிரிட் உலர்ந்ததா, கருவியின் உறை பார்க்கப்பட்டதா என்று ஐந்து வரிகள். சந்தேகம் எழுந்தால் ‘நிறுத்துங்கள்’ என்று தலைமை மருத்துவரிடமே சொல்லும் அதிகாரம் அந்தப் பெயருக்கு உரியவருக்கு இருக்க வேண்டும். லைன் கிளியர் திரும்பி வராத ஃபீடரை எந்த மேலதிகாரியும் ஏற்றச் சொல்ல முடியாதல்லவா. காயம் நேர்ந்தால் மறைக்காமல், மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைக் கண்காணிக்க 2015-ல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்குத் தெரிவிப்பது. கருவிகளின் குறையும் பழக்கங்களின் குறையும் அப்போதுதான் பிரிந்து தெரியும். மின்சாரத்தோடு வாழ்ந்து பழகிய ஊர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஷிஃப்டில் இருப்பவருக்குத் தருகிற அதே காவலை, அவரும் அவர் வீட்டாரும் அறுவை மேசையில் படுக்கும்போதும் தர வேண்டும். அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.