பூங்காவில் காலியாகக் கிடக்கும் இடம்

 

எங்கள் குடியிருப்புப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். பூங்கா என்று பெயர்தான், பாதிக்கு மேல் வெறும் மண் தரை. மனைப்பிரிவு போட்டபோது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கு ஒதுக்கிக் கொடுத்த நிலம் அது. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்களே, அதுதான். ஓரத்தில் நான்கு சிமெண்ட் பெஞ்சு, துருப்பிடித்த சறுக்கு மரம், இரண்டு புங்கமரம். மீதி இடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் புதுப் பூங்காவின் வரைபடத்தைக் காட்டினார்கள். டைல்ஸ் பதித்த நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், ஷட்டில் கோர்ட், வலை கட்டிய செயற்கைப் புல் திடல், சின்ன விசேஷங்களுக்கு ஒரு மண்டபம். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எட்டாவது படிக்கும் ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் படத்துல எங்க கிரவுண்டு எங்க சார்?" என்று கேட்டான். செயற்கைப் புல் திடலைக் காட்டினேன். "அதுக்கு மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குவாங்களாமே சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் பிரதியை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தேன். பழக்க தோஷம். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லதாகத்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் கூட்டினால், யாருக்கும் எதற்கும் என்று பெயர் எழுதாத இடம் ஒரு சாண் கூட மிச்சமில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் அல்லவா, மனம் நேராக சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டது. ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொது மண்டபம், நேரு ஸ்டேடியம், புறநகர் ரயில் நிலையம் என்று இன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பகுதி ஒரு காலத்தில் ஒரே பூங்கா. பெயர் பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, பூங்காவில் பெரும்பகுதி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியனின் யோசனை அது. மனிதர் இங்கே முழுதாக இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. மேலிடம் கொண்டுவந்த வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் 1860-இல் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதற்குள் விதை போட்டுவிட்டுப் போனார். 116 ஏக்கர். பதினொரு குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க மேடை, பொதுக் குளியல் இடம், டென்னிஸ் ஆடுகளம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் தொடங்கிய விலங்குக் காட்சியும் சில வருடங்களில் இங்கேதான் குடிவந்தது. விளையாட்டுக்கும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் பூங்கா என்று இன்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோம். 160 வருடத்துக்கு முன்பே அந்தப் பட்டியல் தயார்.

வருடக் கடைசியில் அங்கே ஒரு சந்தைத் திருவிழா நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அதில் தீப்பிடித்து 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது இதை இழுப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வரைபடத்தில் மண்டபம் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, வாசல் ஒன்றே ஒன்று. விசேஷத்துக்கு இருநூறு பேர் கூடினால் எந்த வழியாக வெளியே ஓடுவார்கள்? கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பிறகு அந்த 116 ஏக்கர் எப்படிக் கரைந்தது? யாரும் கொள்ளையடிக்கவில்லை. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் தேவைப்பட்டது. 1880-களின் இறுதியில் அதைப் பூங்காவில் கட்டினார்கள். பிராட்வே பக்கம் இருந்த சந்தை நெரிசலாகிவிட்டது என்று 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்குச் சொந்தக் கட்டடம் வேண்டாமா? 1913-இல் ரிப்பன் மாளிகை. அப்புறம் விளையாட்டரங்கம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த இடத்தில்தான், அன்றைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. என் அப்பா அந்த ஆட்டத்தைப் பார்த்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஸ்டேடியத்தை எடுத்துவிட்டு 1993-இல் இன்றைய நேரு ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்து, ரயில்வேக்கு இடமானது. அதே வருடம் விலங்குகள் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. குளங்களைத் தேடாதீர்கள். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா ஒரு துண்டாக மிஞ்சியிருக்கிறது.

இதில் எதை வேண்டாம் என்று சொல்வீர்கள்? எனக்கும் சொல்ல வாய் வராது. மண்டபம் கேட்க ஆள் இருந்தது, மார்க்கெட் கேட்க வியாபாரிகள் இருந்தார்கள், ஸ்டேடியத்துக்கு ரசிகர்கள். சும்மா கிடக்கும் புல்தரைக்கு மட்டும் வக்கீல் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் அதுதான் இடம் கொடுத்தது.

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. திரு.வி.க. தமிழாசிரியராக இருந்தவர், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகத் துணை நின்றவர். அவர் பெயரில் ஒரு பூங்கா என்பதில் என்னைப் போன்ற வாத்தியார்களுக்குக் கூடுதல் பாசம். 2011-இல் மெட்ரோ சுரங்க நிலையத்துக்காக அதை மூடித் தோண்டினார்கள். நிழல் கொடுத்துக்கொண்டிருந்த மரங்கள் நூற்றுக்கணக்கில் போயின. ரயில் 2017-இல் ஓட ஆரம்பித்துவிட்டது. பூங்கா 2023-இல்தான் திரும்பக் கிடைத்தது. பன்னிரண்டு வருடம்! பூங்கா மூடும்போது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை அது திறக்கும்போது பள்ளியை முடித்துவிட்டிருக்கும். திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். நடைபாதை, ஷட்டில், ஸ்கேட்டிங், குழந்தைகளுக்கு விளையாட்டுக் கருவிகள் என்று நன்றாகவே செய்திருக்கிறார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அடியில் ரயில் நிலையத்தின் கான்கிரீட் கூரை. அதன்மேல் கொட்டிய மண்ணில் செடி வளரும், சிறு மரமும் வளரும், ஆழமாக வேர்விடும் பெரிய மரத்துக்கு இடம் ஏது? எதைப் பெயர்க்கிறோம், எதைத் திரும்ப வைக்க முடியாது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் இரண்டு புங்கமரமும் வரைபடத்தில் நடைபாதைக்கு நடுவே வருகின்றன.

கட்டண விஷயத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் சிலவற்றைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு வந்ததும் உடனே திரும்பப் பெற்றார்கள். பத்து பையன்கள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகனும் டாக்டர் வீட்டுப் பையனும் இப்போது ஒரே அணியில் ஆடுகிறார்கள். காசு வைத்தால் அந்த அணி எப்படிப் பிரியும் என்று உங்களுக்கே தெரியும்.

செயலாளரிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், காலி இடம்னு விட்டா ராத்திரி பாட்டில்தான் கிடக்கும். காலையில பொறுக்கறது யாரு? செயற்கைப் புல்லைப் பராமரிக்கக் காசு வேணாமா?" என்றார். நியாயமான கேள்வி. பாட்டில் பொறுக்கியவர்களில் நானும் ஒருவன். விளக்கும் காவலாளும் வேண்டும்தான். செயற்கைப் புல்லே இல்லாவிட்டால் அதைப் பராமரிக்கும் செலவும் இல்லையே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கூட்டத்துல பேசுங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அதனால் படத்தை நானே மறுபடி வரைந்திருக்கிறேன். ஷட்டில் கோர்ட் 44-க்கு 20 அடிதான், அது ஓரத்தில் இருக்கட்டும். நடைபாதை புங்கமரங்களைச் சுற்றி வளைந்து போகிறது, டைல்ஸ் இல்லாமல் மண் பாதையாக. பின்பக்கத் தெருவுக்கு இரண்டாவது வாசல். மண்டபத்தையும் செயற்கைப் புல்லையும் அடித்துவிட்டேன். நடுவில் மண் தரையை அப்படியே விட்டு, அதற்கு எந்தப் பெயரும் எழுதவில்லை. நேற்றுச் சாயங்காலம் அந்தப் பையனும் கூட்டாளிகளும் காலடி வைத்து அளந்து பார்த்தார்கள். பிட்சுக்கு இருபத்திரண்டு கெஜம் போக, பந்துபோட ஓடிவரவும் இடம் இருக்கிறதாம். பவுண்டரி மட்டும் ஒரு பக்கம் ஷட்டில் கோர்ட்டில் விழுகிறது. அதற்கு ஒரு ரன்னா இரண்டு ரன்னா என்று அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடியும் கூட்டம். மண்டபம் கேட்டவர்கள் என்மேல் கோபமாக இருப்பார்கள், தெரியும். நம் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால் அவசியம் வாருங்கள். எனக்கு எதிராகப் பேசுவதாக இருந்தாலும் வாருங்கள். பையன்களையும் வரச் சொல்லியிருக்கிறேன்.