இரண்டரை நூல்

தச்சரும் கம்பி கட்டுபவரும் இன்றும் புழங்கும் ஓர் அளவுச்சொல் 'நூல்'. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நூல் என்றதும் ஏட்டை நினைக்கும் நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் மனக்கோணலை நீக்கும் நூலுக்கு நன்னூலார் உவமை கண்டதே மரத்தின் கோணலை நீக்கும் தச்சரின் நூலில்தான்.

கட்டுமானத்தில் 8 மில்லிமீட்டர் கம்பியை 'இரண்டரை நூல்' என்பார்கள். கணக்குப்படி இரண்டரை நூல் என்பது 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கான்கிரீட்டுக்குள் புதையும் கம்பிக்கு இந்த 0.06 பொருட்டன்று. பழைய கார் எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுக்கோ, இந்த ஒற்றைப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் இருவேறு அளவுமுறைகள்தாம் வில்லங்கம்.

நங்கநல்லூருக்கு அருகே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வண்டலூர். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இணைந்து 1948ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்குதான் இருந்தது. 1961ல் அங்கிருந்து ஹெரால்டு கார் வெளிவந்தது. அதற்குள் நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிவிட்டது. 1956ல் சட்டம், 1957ல் நயா பைசா, 1958ல் கிலோகிராம். ஆயினும் ஹெரால்டின் மரைகள் அங்குலத்திலேயே இருந்தன. வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்ததல்லவா!

அந்த அங்குல மரைக்கும் ஒரு கதை உண்டு. 1841ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் 55 பாகைக் கோணத்தில் மரைக்கு ஓர் ஒழுங்கு தந்தார். 1864ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையே வெட்ட எளிது என்றார். இரண்டாம் உலகப்போரில் நேசநாடுகளின் பட்டறைகளில் ஒருவர் போல்ட் மற்றவர் நட்டில் ஏறாமல் பட்ட பாட்டிற்குப் பிறகே, 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 'யுனிஃபைடு' மரைக்கு உடன்பட்டன. ஹெரால்டில் உள்ளவை பெரும்பாலும் இவ்வகையே. இதனினும் விநோதம் மோரிஸ் கம்பெனியுடையது. 1923ல் அது வாங்கிய ஹாட்ச்கிஸ் ஆலையில் பிரெஞ்சு எந்திரங்கள் இருந்ததால் மரை மெட்ரிக்காகவும், ஆங்கில ஸ்பேனர் பிடிக்கவேண்டித் தலை விட்வொர்த் அளவிலும் அமைந்தன!

பிராக்கெட்டுக்கு வருவோம். அங்குல ஃபைன் மரையில் இரண்டரை நூல் போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 24 மரை. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.06 மில்லிமீட்டர். இன்று கடைகளில் எளிதாய்க் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் அது 1.25. முதல் ஓரிரு சுற்று இதமாக ஏறும், அதன்பின் இறுகும். 'புது போல்ட், அப்படித்தான் இருக்கும்' என்று முறுக்கினால் துளையின் மரை சிதையும். தலையும் இப்படியே. அங்குலத் தலை 12.7, மெட்ரிக் தலை 13. பதின்மூன்றாம் எண் ஸ்பேனர் பழைய தலையில் உட்காரும், அழுத்தினால் முனைகளை மழுக்கும். 'மரை கழன்றவன்' என்று நாம் பிறரை ஏசுவது எத்தனை நுட்பமான வசை என்பது அப்போது விளங்கும்.

பிராக்கெட்டைத் தாங்குவது முளைபோல் நிற்கும் போல்ட்டன்று. முறுக்கும்போது அது இழுபட்டு இரு உலோகங்களையும் நெருக்கும் பிடிப்பே. அரைகுறையாய் ஏறிய மரையில் அந்தப் பிடிப்பு வராது. எஞ்சினின் அதிர்வில் போல்ட் நாளடைவில் தளர்ந்து அறுபடும். எஞ்சின் சாய்ந்தால் விசிறி ரேடியேட்டரைக் கிழிக்கவும் கூடும்.

ஆகவே தலையிலுள்ள குறியையும் படிக்கவேண்டும். அங்குல போல்ட்டில் மூன்று கோடுகள் இருந்தால் ஐந்தாம் தரம். மெட்ரிக்கில் ஏறத்தாழ அதற்கு நிகரானது 8.8. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும் என்பது. அடுத்த எட்டு, அதில் 80 விழுக்காடு வரை நிரந்தரமாய் நீளாது என்பது. குறியே இல்லாத போல்ட் பிராக்கெட்டுக்கு ஆகாது. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதை மாதிரிக்கு மட்டும் கொள்ளலாம். அது முன்பே நீண்டிருக்கக்கூடும்.

சில பட்டறைகளில் பழைய துளையில் 8 மில்லிமீட்டர் டேப் ஓட்டிவிடுகிறார்கள். பழைய மரைமேல் புதுமரை குறுக்கே விழுந்து இரண்டும் அரைகுறையாகின்றன. பொருள் விளங்காத சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிய ஏடெழுதியின் வேலைதான் இதுவும். துளை கெட்டிருந்தால் பழைய அளவிலேயே கம்பிச்சுருள் மரை பதிப்பது நேர்மையான வழி.

அம்பாசிடர் வைத்திருப்போர் இன்னும் விழிப்பாய் இருக்கவேண்டும். 1990களில் அதற்கு ஜப்பானிய இசுசு எஞ்சின் வந்தது. வண்டியின் உடல் ஆங்கில வழி, எஞ்சின் மெட்ரிக். எஞ்சின் பிராக்கெட் இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு. ஒரு முனையில் கழற்றிய போல்ட்டை மறுமுனைக்கு மாதிரியாகக் கொண்டுபோகலாகாது.

ஹெரால்டுக்கு வாங்கப்போகிறவர் பக்கத்துத் துளையின் நல்ல போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பிட்ச் கேஜ் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து, நீளத்தோடு இப்படிக் கேட்கட்டும்: இரண்டரை நூல், 24 மரை, அரை அங்குலத் தலை, தலையில் மூன்று கோடு.