அண்டைப் பிக்சல் எது? ரேடார் படங்களில் புள்ளி இரைச்சலைக் குறைத்த வரலாறு

1978 ஜூனில் நாசா ஏவிய சீசாட், செயற்கைத் துளை ரேடாரைச் (சார்) சுமந்து சென்ற முதல் குடிமைச் செயற்கைக்கோள். மின்கோளாறால் அக்டோபரிலேயே அது ஓய்ந்துபோனது. ஆனாலும் அது அனுப்பிய படங்கள் ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டு வேலை வைத்தன. மேகமும் இருளும் மறைக்காத அந்தப் படங்களில் ஒரு குறை மட்டும் கண்ணை உறுத்தியது. ஒரே பயிர் நிற்கும் வயல்கூட உப்பும் மிளகும் தூவியதுபோல் தெரிந்தது. ஸ்பெக்கிள் எனப்படும் புள்ளி இரைச்சல் இதுதான்.

இது கருவியின் பழுதல்ல. ஒரு பிக்சலுக்குள் இலை, தண்டு, மண்கட்டி என எத்தனையோ பொருள்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றிலிருந்து திரும்பும் அலைகள் ஒரு பிக்சலில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். பக்கத்துப் பிக்சலில் ஒன்றையொன்று அழித்துவிடும். லேசர் ஒளியிலும் இதே விளைவு உண்டு. அதன் புள்ளியியலை ஜோசப் குட்மன் 1970களில் தெளிவாக வகுத்தார். அந்தக் கணக்குப்படி, சீரான நிலத்தைக் காட்டும், சராசரி எடுக்கப்படாத ஒற்றைப் பார்வைச் செறிவுப் படத்தில் திட்ட விலக்கம் சராசரிக்கே சமம். பளிச்சென்ற இடத்தில் இரைச்சலும் கூடும் என்பதால், ரேடாரின் திறனை உயர்த்தியும் பயனில்லை.

முதலில் கைகொடுத்தது பல பார்வை முறை. ரேடார் தரவை ஒரு திசையில் நான்காகப் பிரித்து, நான்கு படங்களாக்கி, சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். ஆனால் அந்தத் திசையில் படத்தின் நுண்மை நான்கில் ஒன்றாகச் சரியும். இது பெரிய விலை.

1980இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஜாங்-சென் லீ வேறு வழி காட்டினார். ஏழுக்கு ஏழு சாளரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 49 பிக்சல்கள். அவற்றின் சிதறல் ஸ்பெக்கிளால் மட்டும் வரக்கூடிய அளவில் இருந்தால், நடுப் பிக்சலுக்குச் சராசரியை வைக்கலாம். சிதறல் அதைவிட மிகுந்தால் அங்கே வரப்போ கரையோ இருக்கக்கூடும். அந்தப் பிக்சலை ஏறக்குறைய அப்படியே விட வேண்டும். இந்தத் துறையின் உண்மையான திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது. எவ்வளவு மழுக்குவது என்ற கேள்வி போய், எந்தப் பிக்சலை எதனோடு சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அடுத்த ஆண்டே லீ, விளிம்பின் ஒரு பக்கத்துப் பிக்சல்களை மட்டும் சேர்க்கும்படி முறையைத் திருத்தினார். 1982இல் ஃபிராஸ்டும் 1985இல் குவானும் தங்கள் ஸ்பெக்கிள் வடிகட்டிகளோடு வந்தனர். 1990இல் லோப்பஸ் குழுவினர் வலுவாக எதிரொலிக்கும் தனிப்புள்ளிகளைத் தொடாமல் விடும் விதியைச் சேர்த்தனர்.

இந்த வடிகட்டிகள் எல்லாம் பக்கத்திலேயே உறவு தேடின. சாதாரண ஒளிப்படங்களுக்காக 2005இல் புவாடெஸ் குழுவினர் முன்வைத்த முறையோ, எட்ட இருந்தாலும் ஒத்த சாயல் கொண்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்தது. 2009இல் டெலெடால் குழுவினர் அதை ஸ்பெக்கிளின் புள்ளியியலுக்கு ஏற்ப மாற்றினர். அதே வழியில் 2012இல் நேப்பிள்ஸ் ஆய்வாளர்களின் சார்-பிஎம்3டி முறை வந்தது.

பின்னர் வந்த ஆழ்கற்றல் முறைகளுக்கு வேறொரு சிக்கல்: பாடம் கற்பிக்க இரைச்சலற்ற ரேடார் படம் உலகில் எங்கும் கிடையாது. இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1ஏ செயற்கைக்கோள் ஒரே இடத்தை 12 நாளுக்கொருமுறை ஒரே கோணத்தில் பார்க்கிறது. நிலம் மாறாவிட்டாலும், நாள் கடந்த படங்களில் ஸ்பெக்கிள் பெரும்பாலும் மாறிவிடும். ஆகவே ஒரு நாள் படத்தைக் கொடுத்து மற்றொரு நாள் படத்தைக் கணிக்கப் பழக்கலாம். 2021இல் பிரான்ஸில் உருவான சார்2சார் இந்த வழியைப் பின்பற்றியது.

முறை எதுவானாலும் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு: மூலப் படத்தை வடிகட்டிய படத்தால் வகுக்க வேண்டும். வெறும் ஸ்பெக்கிள் மட்டும் எஞ்சினால் நல்லது. அந்த வகுத்த படத்தில் சாலையோ ஆற்றங்கரையோ கோடாகத் தென்பட்டால், வடிகட்டி நிலத்தையும் சேர்த்து அழித்திருக்கிறது.